டியர் உமாமகேஸ்வரி

மோதி பாக், புது தில்லி
பிப்ரவரி 8, ஞாயிறு

தான்சானியாவில், தார் எஸ் சலாமில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு உமா எழுதுவது.

நானும் செல்வியும் சுகம். உங்கள் சுகத்தைத் தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். ராஜகோபாலன் சார் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே கிளம்புகிறாராம், ஏதாவது கொடுத்தனுப்புவதாக இருந்தால் கொடுக்கலாம் என்று போன் செய்தார். பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், நான்கு பனியன், அப்புறம் இந்தக் கடிதம். ஊறுகாய் டப்பாவை எடுத்ததும் இறுக்கி மூடி வையுங்கள். திறந்து போட்டுவிட்டு, எண்ணெய் சட்டையில் கொட்டிவிட்டது என்று என்னைக் குறை சொல்லக் கூடாது.

போனில் பேசினால் போதாதா, இதென்ன புதுப் பழக்கம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "அப்புறம்?" என்கிறீர்கள். நானும் "அப்புறம்?" என்கிறேன். அதற்குள் செல்வி போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். பேச நினைத்தது எல்லாம் அடுப்படிக்குப் போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. மேலும், இதை உங்கள் மகளால் படிக்க முடியாது. தமிழ்செல்வி என்று ஆசையாகப் பெயர் வைத்தோம். தமிழ்செல்விக்கு நான்கு வரி தமிழ் சேர்ந்தாற்போல் படிக்க வராது. அந்தத் தைரியத்தில் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். பரீட்சைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். என்னம்மா இவ்வளவு எழுதுகிறாய் என்று கேட்டாள். ஊறுகாய் செய்முறை என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை நீங்கள் இங்கிலீஷில் அனுப்பிய மெயில். நான்கு நாளாக அதைத்தான் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். முதல் வரியிலேயே எனக்குத் திக்கென்றது. டியர் உமாமகேஸ்வரி! பதினேழு வருஷத்தில் நீங்கள் என் முழுப்பெயரைச் சொன்னது ஒரே தடவைதான், ஆதார் எடுக்கிறவன் கேட்டபோது. அன்றைக்கும் பாதி சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். இப்போது என்ன வந்தது? ஏதோ பாங்க் மேனேஜர் எழுதுகிற மாதிரி இருந்தது. வேறு யாருக்கோ வந்த மெயில் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

மீதியைச் செல்விதான் படித்துச் சொன்னாள். அங்கே வேலை இன்னும் மூன்று வருஷம் நீள்கிறது. உங்களையே இருக்கச் சொல்கிறார்கள். மார்ச் மாதத்தோடு திரும்பி வருவதா, மூன்று வருஷம் சேர்த்து இருப்பதா என்பதற்கு மனைவியின் சம்மதம் எழுத்தில் வேண்டும். இணைத்திருக்கும் ஃபாரத்தைப் படித்து, எனக்குச் சிரமம் இல்லையென்றால், என் வசதிப்படி, தயவுகூர்ந்து ஆட்சேபணை இல்லை என்று தெரிவித்தால் நீங்கள் மிகவும் நன்றியுள்ளவராக இருப்பீர்கள். இதைச் சொல்லிவிட்டு, "அப்பா எவ்ளோ பொலைட்டா கேட்டிருக்காங்கம்மா, ஸோ ஸ்வீட்" என்றாள். சொன்னவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றாள்.

எனக்குப் புரியாதது இதுதான். மூன்று வருஷம் இருக்கட்டுமா என்று என்னைக் கேட்கிறீர்களா? இருக்கப் போகிறேன் என்று சொல்கிறீர்களா? இல்லை, நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறீர்களா? அதே வரிகளை மூன்று விதமாகவும் படித்துப் பார்த்துவிட்டேன். மூன்றுக்கும் பொருந்துகிறது. அவ்வளவு மரியாதைக்கு நடுவில் உங்களைத் தேடி எடுக்க முடியவில்லை.

நம் வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லையே. உங்களுக்குக் காபி வேண்டுமென்றால், தலை லேசாக வலிக்கிற மாதிரி இருக்கிறது என்று சுவரைப் பார்த்துச் சொல்வீர்கள். காபி வரும். எனக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டுமென்றால், இந்தக் குளிருக்குக் கோவில்பட்டியில் வெயில் சுகமாக இருக்கும் என்று ரஜாய்ப் போர்வைக்குள் இருந்தபடி சொல்வேன். நாலு நாளில் டிக்கெட் போட்டுவிட்டு வருவீர்கள். சண்டை என்றால் செல்விதான் போஸ்ட் ஆபீஸ். உங்கப்பாவைக் கீசரை அணைக்கச் சொல்லு, உங்கம்மாவைச் சாவி எங்கே என்று கேளு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலில் போகும்போதும் நீங்கள் என்னைக் கேட்கவில்லை. ஆர்டர் வந்துவிட்டது என்றீர்கள். நான் பெட்டி கட்டினேன். அழுதேன்தான், ஆனால் குழப்பம் இல்லை. இப்போது கேட்டிருக்கிறீர்கள், நான் குழம்பிப் போய் நிற்கிறேன்.

ஒரு நாள் முழுக்க வேறு மாதிரியும் யோசித்தேன், மறைப்பானேன்? அங்கே யாராவது இருப்பார்களோ என்று. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே நினைத்தேன். பிறகு நீங்கள் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிற கோலம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அது இல்லை. ஆனால் அது இல்லையென்றால் எது?

என் ப்ளே ஸ்கூல் கதையையும் சொல்ல வேண்டும், அதில்தான் என் குழப்பம் இரண்டு மடங்கானது. நான் அங்கே டீச்சரும் இல்லை ஆயாவும் இல்லை, நடுவில் ஹெல்பர் என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு "மேஜிக் வேர்ட்ஸ்" என்று ஒரு வகுப்பு. எப்படி மரியாதையாக இங்கிலீஷில் கேட்பது என்று. சுவரில் ஒரு சார்ட். "கிவ் மீ வாட்டர்" என்பதற்கு நேரே அழுகிற முகம். "மே ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்" என்பதற்கு நேரே சிரிக்கிற முகம். ஸ்டாஃபும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஸ்கூல் நடத்தும் மேதா மேடத்தின் ஆசை. மூன்று வயசுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க நானும் உட்கார்கிறேன். "குட் யூ" என்றால் கொஞ்சம் மரியாதை, "உட் யூ மைண்ட்" என்றால் அதற்கு மேலே, "ஐ வாஸ் வொண்டரிங்" என்று ஆரம்பித்தால் உச்சாணிக் கொம்பு. மேலே போகப் போக என்ன கேட்க வந்தோம் என்பதே எனக்கு மறந்துபோகிறது.

நம் பாஷையில் ப்ளீஸுக்கு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். தயவுசெய்து என்று நாம் யாரிடம் சொல்லியிருக்கிறோம்? ரயிலில் அறிவிப்பார்கள், ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருக்கும். வீட்டில் ஒருவர் தயவுசெய்து என்று ஆரம்பித்தால் சண்டை முற்றிவிட்டது என்று அர்த்தம். நாம் கொஞ்சம் என்போம். கொஞ்சம் நகருங்க, கொஞ்சம் அந்தக் கதவைச் சாத்துங்க. அதிலேயே எல்லாம் வந்துவிடும்.

போன மாதக் கடைசியில் மேதா மேடம் என்னிடம் வந்து, சிரித்த முகமாக, "உட் யூ மைண்ட்" என்று ஆரம்பித்து, ரொம்பத் தொந்தரவு இல்லையென்றால் சனிக்கிழமை ஆறு மணி வரை இருக்க முடியுமா என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பார், நம்மைப் போய் எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார் என்று. அன்றைக்குச் செல்விக்கு ஸ்பெஷல் கிளாஸ். அதனால் நானும் சிரித்த முகமாக, "சாரி மேம், இட் இஸ் டிரபிள்" என்றேன். கேட்டார், பதில் சொன்னேன். "ஆஃப் கோர்ஸ், நோ வொரீஸ்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். திங்கட்கிழமை போனால் நர்சரியிலிருந்து என்னை எடுத்து வாசல் கேட்டில் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை விட வருகிறவர்களிடம் ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கும் வேலை. குளிரில் மூக்கு உறைந்துபோகிறது.

குஞ்சம்மாள் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், கள்ளக்குறிச்சிப் பக்கம், முப்பது வருஷமாக இந்த ஊரில் வீட்டு வேலை செய்து இப்போது எங்கள் ஸ்கூலில் பெருக்கித் துடைக்கிறாள். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, மேடம்களைத் தெரியும். "ஏம்மா, ஹிந்திக்கார மேடம்னா கத்துவா, வெசயம் அங்கயே முடிஞ்சுடும். இது இங்கிலீசு மேடம். நாள் குறிச்சு மண்டபம் புடிச்ச பெறவுதான் வெத்தல பாக்கு வெச்சு அழைப்பாங்க. கல்யாணம் பண்ணட்டுமான்னு உன்னிய யாரு கேட்டா?" என்றாள். எவ்வளவு குனிந்து கேட்கிறார்களோ அவ்வளவு முடிவாகிவிட்டது என்று அர்த்தமாம்.

இது நடந்து இரண்டாவது நாள் உங்கள் மெயில் வருகிறது. அதை அக்காவின் கணக்குப்படி படித்தேன். என் வசதிப்படி, தயவுகூர்ந்து, சிரமம் இல்லையென்றால், நன்றியுள்ளவராக. அவ்வளவு குனிந்திருக்கிறீர்கள். அப்படியென்றால் எல்லாம் முடிவாகிவிட்டதா? என்னிடம் வெற்றிலை பாக்குத்தானா?

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்றைக்கு ஒன்று நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், செல்வி இப்போது நன்றாக இருக்கிறாள், தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். பதற வேண்டாம்.

காலையில் அட்மிட் கார்டு வாங்கப் பள்ளிக்கூடம் போனவள் வரிசையில் நின்றபடி மயங்கி விழுந்துவிட்டாள். பதினொன்றரைக்கு எனக்குப் போன் வந்தது. கண் விழித்துவிட்டாள், படுக்க வைத்திருக்கிறோம், யாராவது வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள். ரெஜிஸ்டரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மேதா மேடத்தின் அறைக்குப் போனேன். என்ன தோன்றியதோ, போன தடவை தப்பாகப் பேசிக் கேட்டுக்குப் போனேனே, இந்தத் தடவை சரியாகக் கேட்டுவிட வேண்டும் என்று அந்த நேரத்திலும் புத்தி போகிறது பாருங்கள். சார்ட்டில் இருக்கிற உச்சாணி வாக்கியத்தை எடுத்தேன். "எக்ஸ்கியூஸ் மீ மேம், ஐ வாஸ் வொண்டரிங் இஃப் இட் உட் பி பாசிபிள் ஃபார் மீ டு லீவ் எ லிட்டில் எர்லி, இஃப் இட் இஸ் நாட் டூ மச் டிரபிள்." ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

மேடத்துக்கு எவ்வளவு சந்தோஷம்! கை தட்டினார். வெரி நைஸ் உமா, வெரி நைஸ் என்றார். ஒன்றரைக்குப் பிள்ளைகள் எல்லாரும் போனதும் போகலாமே என்றார். நான் தேங்க் யூ மேம் என்று சொல்லிவிட்டு வந்து கேட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஏன் காரணம் சொல்லவில்லை என்று நீங்கள் திட்டுவீர்கள். நானே என்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். காரணத்தைச் சொல்ல அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. இருந்த மூச்செல்லாம் அதற்கே சரியாகப் போய்விட்டது. அரைமணி நேரம் அங்கே என் பிள்ளை தனியாகப் படுத்திருக்கிறாள், இங்கே நான் ரெஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

குஞ்சம்மாள் அக்கா என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னதுதான் தாமதம், கையில் துடைப்பத்தோடு மேடம் அறைக்குள் போய், "மேடம்ஜி, இஸ்கி பச்சி பேஹோஷ் ஹோ கயி, ஜானே தோ இஸ்கோ" என்று ஒரே போடாகப் போட்டாள். அவள் பிள்ளை மயங்கிக் கிடக்கிறது, போகவிடுங்கள் என்று. அதில் ப்ளீஸும் இல்லை, ஒன்றும் இல்லை. மேடம் வெளிறிப்போய் ஓடி வந்தார். ஏன் உமா என்னிடம் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று நான்கு தடவை கேட்டார். தன்னுடைய காரிலேயே டிரைவரோடு அனுப்பினார். அதற்குப் பிறகு இரண்டு தடவை போன் செய்து விசாரித்துவிட்டார், நாளைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். நல்ல மனுஷிதான். நான் சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

டிஸ்பென்சரியில் காட்டினேன். பரீட்சைப் பயத்தில் இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை, சர்க்கரை இறங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார் டாக்டர். ஆட்டோவில் வரும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, "அப்பாகிட்ட சொல்லாதம்மா, டென்ஷன் ஆவாங்க. வரவும் முடியாது" என்றாள். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் தெரியுமா? வெளியே மழை பெய்கிறது என்பதைப் போல.

இப்போது நான் இன்னும் குழம்பிப் போயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எழுதியதைத் திரும்பப் படித்தேன். அக்காவின் கணக்கும் சரியில்லை. நான் அவ்வளவு குனிந்து கேட்டேனே, எனக்குள் எதுவும் முடிவாகவா இருந்தது? உள்ளே கதறிக்கொண்டிருந்தேன், வெளியே நைஸ் சென்டென்ஸ். மேடத்தால் பார்க்க முடிந்ததெல்லாம் அந்த சென்டென்ஸ்தான். உங்கள் மெயிலுக்குப் பின்னாலும் அப்படி ஏதாவது இருந்து, நான் கை தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டால்? உடம்புக்கு ஏதாவதா? அங்கே யாராவது திட்டுகிறார்களா? திரும்பி வர ஆசையாக இருந்து, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையா? இல்லை, இங்கே வரப் பிடிக்காமல், அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையா?

பிப்ரவரி 11, புதன் மத்தியானம்

காலையில் பருப்புப் பொடியையும் ஊறுகாயையும் எடுத்துக்கொண்டு லோதி ரோட்டில் ராஜகோபாலன் சார் வீட்டுக்குப் போய் வந்தேன். செல்வி தேறிவிட்டாள், பக்கத்து பிளாட் மஹாலட்சுமி பார்த்துக்கொண்டார். பஸ்ஸில் போகும்போதே தீர்மானம் பண்ணிக்கொண்டேன், வெட்கப்படாமல் கேட்டுவிடுவது என்று.

கேட்டேன். சார் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மெயிலை நீங்கள் எழுதவே இல்லையாம்! ஆபீசிலிருந்து அங்கே இருக்கிற ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்து, பெயரை மட்டும் மாற்றி அவரவர் மனைவிக்கு அனுப்பச் சொன்னார்களாம். அவர் வீட்டிலும் டியர் லீலாவதி என்று வந்திருக்கிறது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே கோபம் வந்தது. ஒன்பது பெண்களுக்கு ஒரே மெயில்! மூன்று வருஷத்தைக் கேட்பதற்கு உங்களுக்குச் சொந்தமாக ஒரு வரிகூட இல்லையா? அதைப் போய் நான் ஒரு வாரமாக எழுத்தெழுத்தாக ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு என்ன விருப்பம் என்று ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டேன். "அவர் ஒண்ணும் சொல்லலையேம்மா. உமா என்ன எழுதுறாளோ அதுப்படின்னார்" என்றார் சார். அதைச் சொல்லிவிட்டு இன்னொரு சப்பாத்தி போட்டுக்கொண்டீர்களாம். உமா சொன்னபடி நீங்கள் எதைச் செய்திருக்கிறீர்கள்? ஒரு குழாய்க்கு வாஷர் மாற்றியிருக்கிறீர்களா?

லீலாவதி அக்கா மெயில் வந்த அன்றைக்கே ஆட்சேபணை இல்லை என்று போட்டு அனுப்பிவிட்டாராம். எப்படிக்கா முடிந்தது என்று கேட்டேன். பழகிவிட்டது என்றார். சார் அங்கே போய் ஐந்து வருஷம், வருஷத்துக்கு இருபது நாள் வருகிறார். நல்ல மனுஷர், நல்ல அக்கா, வீடு கண்ணாடி மாதிரி இருக்கிறது. எனக்கு டிபன் வைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சார் எழுந்து அடுப்படி வாசல் வரை போய் நின்று, "லீலா, தண்ணி கொஞ்சம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். அக்கா, "தாராளமா எடுத்துக்குங்க, அந்த நீல மூடி பாட்டில்" என்றார். சார் தேங்க்ஸ் என்றார்.

அவருடைய வீடு. அவருடைய தண்ணீர். கேட்டுவிட்டு எடுத்துக் குடிக்கிறார், அக்காவும் விருந்தாளிக்குச் சொல்வதைப் போலச் சொல்கிறார். இரண்டு பேருக்கும் அது வித்தியாசமாகவே தெரியவில்லை. கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். எனக்குப் பயம் வந்துவிட்டதுங்க. சண்டை போட்டிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன். மூன்று வருஷம் கழித்து நீங்கள் நம் வீட்டில் வந்து நின்று, துண்டு எடுத்துக்கலாமா என்று என்னைக் கேட்டால் நான் என்ன செய்வேன்?

கிளம்பும்போது சார், ஆட்சேபணை என்று போடுவதானால் சும்மா போட்டால் ஆபீசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பலமான காரணம் வேண்டும், கோவில்பட்டியில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு டாக்டர் சர்டிஃபிகேட் வைத்துவிடுங்கள் என்றார். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அம்மா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். செல்வியின் பரீட்சை என்று போடலாம், அது அடுத்த மாதம் முடிந்துவிடும். மயக்கம் என்று போடலாம், அதற்கு வேளாவேளைக்குச் சாப்பிட்டால் போதும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். பலமான காரணம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. மேதா மேடத்தின் முன்னால் நின்றதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. காரணத்தை உள்ளே வைத்துக்கொண்டு அழகாகக் கேட்டுவிட்டு வந்தேனே, அது.

ஃபாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கணவர் பெயர் என்ற இடத்தில் ஜோதிலிங்கம் என்று எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை, கையால் எழுதுவதற்கே வியர்த்துவிட்டது. ஆட்சேபணை உண்டு என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே காரணத்துக்கு ஒரே ஒரு வரி விட்டிருக்கிறார்கள். வேறு தாளில் மூன்று தடவை இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன். சார்ட்டில் இருக்கிற அத்தனை வார்த்தையும் வந்தது, நான் சொல்ல வந்தது வரவில்லை. அதனால் தமிழிலேயே எழுதிவிட்டேன். எனக்கு அவர் இங்கே வேண்டும். அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். பலமான காரணமா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது அதுதான்.

உங்கள் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டும் தெரியவில்லை. ஆனால் அங்கே அந்த ஃபாரத்தைப் பார்க்கிறவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். ராஜகோபாலன் சாரைச் சொல்ல விடாதீர்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள். அங்கேயே இருக்கத்தான் விருப்பம் என்றால், டிக் தவறுதலாக விழுந்துவிட்டது, மனைவி வாழ்த்துச் சொல்லி எழுதியிருக்கிறாள் என்று எதையாவது சொல்லிவிட்டு வேறு ஃபாரம் கேட்டு வாங்கி அனுப்புங்கள். நான் கேட்கமாட்டேன், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். வரத்தான் விருப்பம் என்றால், அதில் இருக்கிறதை இருக்கிறபடியே அவர்களுக்கு இங்கிலீஷில் வாய்விட்டுச் சொல்லுங்கள். முன்னாலும் பின்னாலும் எதையும் சேர்க்காதீர்கள்.

சாயங்காலம் சார் இந்தப் பக்கம் வரும்போது இதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கே இருந்து சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் நன்றாக இருப்பீர்கள்.

இப்படிக்கு,
உமா